டீஃபால்ட்: தெலுங்கு

நகரியில் தமிழ் பேசும் குடும்பம் ஒன்றுகூட இல்லை என்று அட்டவணை காட்டியது. அட்டவணையை உருவாக்கியவர் திருப்பதியில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு பெண். அவருடைய தாய் பிறந்த ஊரே நகரி. அங்குள்ள விசைத்தறிக் குடும்பங்களின் திண்ணைகளில் அமர்ந்து அவர் கேள்வி கேட்டதும், அவர்கள் விடை சொன்னதும், நடுவே காபி வந்ததும் எல்லாம் தமிழில்தான் நடந்தன. ஆனால் ‘வீட்டு மொழி’ என்ற கட்டத்தில் தமிழுக்கு நேரே பூச்சியம் இருந்தது.

எல்லையோர ஊர்களில் வீட்டில் பேசும் மொழியும் பள்ளியில் படிக்கும் மொழியும் எவ்வாறு விலகுகின்றன என்பதே அவருடைய ஆய்வுப் பொருள். சித்தூர், திருப்பதி, புத்தூர், நகரி ஆகிய ஊர்களில் வீடு வீடாகச் சென்று விவரம் சேகரிக்க வேண்டும். காகிதப் படிவங்களைப் பின்னர் கணினியில் ஏற்றுவது இரட்டை வேலை என்று எண்ணிக் கைப்பேசி உலாவியில் திறக்கும் படிவம் ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் தாமே எழுதினார். மொழியியல் மாணவி நிரல் எழுதுவதில் வியப்பில்லை. இன்று சமூக அறிவியல் துறைகளில் பாதிப் பேர் அப்படித்தான் தேவைக்கேற்பக் கற்றுக்கொள்கிறார்கள். அவர் கற்றது பிஎச்பி. அதில் ஓரளவு தேர்ச்சி உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் அதன் உடன்பிறப்பு என்ற நம்பிக்கையில் இறங்கினார். பார்வைக்கு அது உண்மைதான். இரண்டும் சி மொழியின் இலக்கணச் சாயலைத் தாங்கியவை.

வீட்டு மொழிக்கான கேள்வியில் நான்கு தெரிவுகள்: 1 தெலுங்கு, 2 தமிழ், 3 உருது, 4 கன்னடம். தேர்ந்தெடுத்த எண்ணை மொழியின் பெயராக மாற்ற ஒரு ஸ்விட்ச் கூற்று. கேஸ் 1 என்றால் தெலுங்கு, கேஸ் 2 என்றால் தமிழ் என்று வரிசையாகச் சென்று, எதிலும் பொருந்தாவிட்டால் கடைசியில் டீஃபால்ட். அந்த டீஃபால்ட்டில் அவர் எழுதியது ‘தெலுங்கு’. பெரும்பாலோர் தெலுங்கர்தானே, ஏதேனும் விடுபட்டால் அதில் சேர்வதே பிழை குறைந்த வழி என்பது அன்றைய நியாயம். சோதித்துப் பார்த்தபோது முதல் தெரிவையே அழுத்திப் பார்த்தார். தெலுங்கு என்று சரியாகப் பதிவானது. மறுநாளே களத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

பிழை எளியது. உலாவிப் படிவத்தின் பெட்டியிலிருந்து வரும் மதிப்பு எப்போதும் சரம். எண் 2 அன்று, எழுத்தாக எழுதப்பட்ட ‘2’. பிஎச்பியின் ஸ்விட்ச் இரண்டையும் தளர்வாக ஒப்பிடும். சரமான ‘2’ எண்ணான 2-க்குச் சமம் என்று ஏற்றுக்கொள்ளும். ஜாவாஸ்கிரிப்டின் ஸ்விட்ச் கண்டிப்பானது. அங்கே வகையும் ஒத்துப்போக வேண்டும். மூன்று சமக்குறிகள் இட்டு எழுதும் ஒப்பீடு எவ்விதமோ அவ்விதமே அது இயங்கும். ஆகவே தமிழ் என்று தேர்ந்தெடுத்தாலும் கேஸ் 2 பொருந்தவில்லை. உருதும் கன்னடமும் பொருந்தவில்லை. தெலுங்கேகூடக் கேஸ் 1-இல் பொருந்தவில்லை. அனைவரும் டீஃபால்ட்டில் விழுந்தார்கள். தெலுங்கு சரியாக வந்ததுகூடத் தற்செயல். முதல் சோதனையில் அவர் ஏமாந்தது அதனால்தான்.

திருப்பதி நகரத்துப் பதிவுகளில் இது உறுத்தியிருக்க வேண்டும். அங்கு உருது பேசும் வீடுகளுக்கும் அவர் சென்றிருந்தார். ஆனால் அன்றாடம் சேர்ந்த வரிசைகளை யாரும் அன்றாடம் கூட்டிப் பார்ப்பதில்லை. சித்தூர் முடிந்து, புத்தூர் முடிந்து, நகரியும் முடிந்து, மூன்று மாத உழைப்புக்குப் பின் முதல் அட்டவணை திரையில் வந்தபோதுதான் அந்தப் பூச்சியம் கண்ணில் பட்டது. எந்த இடத்திலும் நிரல் பிழைச்செய்தி தரவில்லை, நின்றுபோகவும் இல்லை. கேட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு விடையைத் தயங்காமல் எழுதிக்கொண்டே இருந்தது.

திருத்தத்தில் இறங்கியபோது இரண்டாம் பிழை நேர்ந்தது. எண்களைச் சரமாக மாற்றி எழுதினார். அத்துடன் தமிழ் வீடுகளுக்கு மட்டும் ‘தமிழ் எழுதப் படிக்கத் தெரியுமா’ என்ற துணைக்கேள்வி தோன்ற வேண்டும் என்று கேஸ் ‘2’-க்குள் ஒரு வரி சேர்த்தார். சேர்க்கும்போது பிரேக் இருந்த வரியின் மேலேயே எழுதிவிட்டார். இம்முறை நான்கு தெரிவுகளையும் அழுத்திப் பார்த்தார். தமிழ் என்று அழுத்தினால் உருது என்று பதிவானது.

ஸ்விட்ச் கூற்றில் கேஸ் என்பது நிரல் எந்த இடத்தில் உள்ளே நுழைய வேண்டும் என்று காட்டும் பெயர்ப்பலகை மட்டுமே. நுழைந்த பிறகு அடுத்த பலகை வந்தாலும் அது நிற்காது. பிரேக் வரும்வரை கீழ்நோக்கி ஓடும். பாகாலாவில் ரயில் ஏறியவர் சித்தூரில் இறங்காவிட்டால் காட்பாடியில்தான் கண்விழிப்பார். வண்டி அவரைத் தட்டி எழுப்புவதில்லை. தமிழ் என்ற பெயர் முதலில் மாறியில் எழுதப்பட்டது, உடனே அதன்மேல் உருது எழுதப்பட்டது, அதன்பின் வந்த பிரேக்கில் நிரல் வெளியேறியது. முந்தைய மதிப்பின் சுவடுகூட மிஞ்சாது.

இந்த வழுக்கி விழும் இயல்பு சி மொழியிலிருந்து வந்த சொத்து. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழி அதனை வைத்துக்கொண்டது. பிஎச்பியும், 1995-இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் எழுதிய ஜாவாஸ்கிரிப்டும் அந்த மரபைப் பின்பற்றின. இது எவ்வளவு தேவைப்படுகிறது? பீட்டர் வான்டர் லிண்டன் 1994-இல் வெளியான தம் சி மொழி நூலில், சன் நிறுவனத்தின் சி தொகுப்பியின் மூலநிரலை ஆராய்ந்து ஒரு கணக்குத் தருகிறார்: கேஸ்களில் வேண்டுமென்றே கீழே விழவிட்டவை 3 விழுக்காடு மட்டுமே. எஞ்சிய 97 விழுக்காட்டில் நிரலாளர் மறவாமல் பிரேக் எழுத வேண்டியிருந்தது. அரிதான தேவையை இயல்பாக வைத்து, அன்றாடத் தேவையை மனித நினைவில் விட்டுவிட்ட வடிவமைப்பு என்று இதனைச் சொல்லலாம். பின்னர் வந்த கோ, ஸ்விஃப்ட் முதலிய மொழிகள் இதைத் தலைகீழாக்கின. அங்கே விழ வேண்டுமென்றால்தான் எழுதிச் சொல்ல வேண்டும்.

பிரேக்கால் நேர்ந்த பெருங்கேடு ஒன்றும் உண்டு. 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏடி அண்டு டி நிறுவனத்தின் தொலைதூர இணைப்பகங்கள் 114-உம் ஒன்றையொன்று முடக்கிக்கொண்டன. ஏறத்தாழ 9 மணி நேரம் அழைப்புகள் திணறின. சி மொழியில் எழுதிய நிரலில், ஸ்விட்சுக்குள் இருந்த ஒரு ‘இஃப்’ பகுதியில் பிரேக் ஒன்று இருந்தது. அது இஃப்பிலிருந்து வெளியேற்றும் என்ற நினைப்பில் எழுதப்பட்டிருந்தது. உண்மையில் அது வெளியேற்றியது ஸ்விட்சிலிருந்து. செய்தாக வேண்டிய வேலை நடுவில் விடுபட்டது. தொலைபேசி ஸ்விட்சை முடக்கியது நிரல் ஸ்விட்ச்! சி மொழி பிறந்ததும் அதே நிறுவனத்தின் ஆய்வகத்தில்தான். பிரேக் இல்லாமையால் நகரியின் தமிழர் உருதுக்காரரானார்கள்; பிரேக் தவறான இடத்தில் இருந்ததால் அங்கே நாட்டின் தொலைபேசி நின்றது. பிரேக் எந்த அடைப்புக்குறியைக் கடந்து வெளியேறும் என்று விரல் வைத்துப் பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

ஆய்வாளரின் துறைத்தோழர் ஒருவர் ஈஎஸ்லிண்ட் என்னும் சரிபார்ப்புக் கருவியை நிறுவிக் கொடுத்தார். பிரேக் இன்றிக் கீழே விழும் கேஸை அது சுட்டிக்காட்டும்; வேண்டுமென்றே விழவிட்டால் அவ்விடத்தில் ஒரு குறிப்புரை எழுதிவிட்டால் பேசாதிருக்கும். தோழர் இன்னொன்றும் கவனித்தார். ஒவ்வொரு கேஸிலும் ‘லெட்’ இட்டு ஒரே பெயரில் மாறியை அறிவித்திருந்ததால் நிரல் மறுத்தது. ஸ்விட்சின் உடல் முழுவதும் ஒரே தொகுதி. ஒரு கேஸில் அறிவித்த பெயர் மற்றதிலும் தெரியும். கேஸுக்குக் கேஸ் தனி அடைப்பு இட்டால் தீர்ந்தது. இந்த ஒரு பிழையாவது வாய்திறந்து சொன்னதே என்று அவர் ஆறுதல் கொண்டார்.

எனினும் அவரை வருத்தியது பிரேக் அன்று, டீஃபால்ட். சர வேறுபாட்டைப் பிஎச்பி பழக்கத்தின்மேல் போடலாம், பிரேக்கைக் கைத்தவறுதல் எனலாம். டீஃபால்ட்டில் ‘தெலுங்கு’ என்று எழுதியது சிந்தித்துச் செய்த முடிவு. தாய்வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர், சிறுபான்மை மொழி எவ்வாறு மறைகிறது என்று ஆராய வந்தவர், தெரியாத விடைகளையெல்லாம் பெரும்பான்மையிடம் ஒப்படைத்திருந்தார். கேட்டபோது தெரியாதது, புரியாதது, பதில் வராதது, நிரல் பொருத்தத் தவறியது ஆகிய நான்கும் வேறு வேறு. அவற்றை ஒரே சொல்லால் மூடியபின் எது எது என்று எவராலும் பிரிக்க இயலாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நினைத்துப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் மக்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அவற்றை ஆராய்ந்து 1,369 தாய்மொழிகளாக ஒழுங்குபடுத்தினார்கள்; மேலும் 1,474 பெயர்களை ‘வகைப்படுத்தப்படாதவை’ என்று தனியே வைத்தார்கள். பல தாய்மொழிகளை ஒரே மொழியின்கீழ் அடுக்குவதும் அங்கே உண்டு. போஜ்புரி இந்தியின்கீழ் எண்ணப்படுகிறது. ஸ்விட்சில் பல கேஸ்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிரேக் இன்றி அடுக்கி ஒரே உடலுக்கு அனுப்புவதும் இதே வேலைதான். அந்த அடுக்கலோடு ஒருவர் உடன்படாமல் இருக்கலாம். ஆனால் அது வெளிப்படையாக எழுதப்பட்டது, எந்தப் பெயர் எதன்கீழ் போனது என்று பார்த்து வாதிட இடம் உண்டு. பொருந்தாத 1,474 பெயர்களை இந்தியில் கொட்டியிருந்தால் வாதிடவும் எதுவும் எஞ்சியிராது.

பிஎச்பியில் 2020 நவம்பர் 26 அன்று வெளியான 8-ஆம் பதிப்பு ‘மேட்ச்’ என்ற புதிய கூற்றைக் கொண்டுவந்தது. அது கண்டிப்பாக ஒப்பிடும். ஒரு கிளைக்கு மேல் ஓடாது. எதுவும் பொருந்தவில்லை, டீஃபால்ட்டும் இல்லை என்றால் பிழை எழுப்பி நின்றுவிடும். அதே பதிப்பில் இன்னொரு பழைய பொறியும் அகற்றப்பட்டது. அதற்குமுன் எண்ணான 0-ஐ ‘தமிழ்’ என்ற சரத்தோடு தளர்வாக ஒப்பிட்டால் இரண்டும் சமம் என்றே பிஎச்பி சொல்லும். மொழிப்பெயர்களையே கேஸ்களாக எழுதிய ஸ்விட்சுக்குள் எண் 0 சென்றால் எந்த மொழி முதலில் நிற்கிறதோ அதற்கே வெற்றி. ஜாவாஸ்கிரிப்ட் ஸ்விட்சில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். ஆய்வாளர் டீஃபால்ட்டிலிருந்து ‘தெலுங்கு’ என்ற சொல்லை நீக்கி, அவ்விடத்தில் ஒரு பிழையை எழுப்பும் வரியை வைத்தார். எதிர்பாராத மதிப்பு வந்தால் படிவம் சிவந்து நிற்கும். அடுத்த கேள்விக்குப் போகாது. ‘வேறு’ என்பதையோ தனித் தெரிவாக்கி, சொன்ன சொல்லை அப்படியே தட்டச்சு செய்யும் பெட்டியை அதனோடு இணைத்தார்.

மாவட்டம் பற்றிய ஸ்விட்ச் வேறொரு கதை. அது அவர் எழுதியதன்று. துறையில் முன்னர் எவரோ எழுதி, கைமாறிக் கைமாறி வந்த நிரல். அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்து மாவட்டத்தைச் சொல்லும்: 517 என்றால் சித்தூர், 524 என்றால் நெல்லூர். எழுதிய காலத்தில் அது சரியாகவே இருந்திருக்கும். 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரத்தின் 13 மாவட்டங்கள் 26 ஆயின. சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதியும் காளத்தியும் பிரிந்தன. நெல்லூரிலிருந்து கூடூரும் சூளூர்ப்பேட்டையும் வந்து சேர்ந்தன. திருப்பதி மாவட்டம் உருவாயிற்று. மதனப்பள்ளி அன்னமய்ய மாவட்டத்துக்குப் போனது. அஞ்சல் துறையோ எதையும் மாற்றவில்லை. சித்தூர் 517001, திருப்பதி 517501. இன்றும் இரண்டும் 517-தான். ஆக, நிரலின்படி ஏழுமலையான் கோயில் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது.

இங்கே பிரேக் சரியாக இருந்தது, வகை ஒத்துப்போனது, டீஃபால்ட்டும் ஒழுங்காக இருந்தது. கேட்ட கேள்வியே தவறு. 517 என்ற ஒரு கேஸுக்குள் மூன்று மாவட்டங்கள் இருக்கையில் எந்தப் பிரேக்கும் உதவாது. முதலில் அவர் ஆறு இலக்கங்களையும் கேஸ்களாக அடுக்கத் தொடங்கி, நூறு வரிக்குமேல் போனபின் நிறுத்தினார். ஒரு சொல்லுக்கு இணையாக இன்னொரு சொல்லைத் தேடுவது மட்டுமே வேலை என்றால் அது அட்டவணையின் வேலை. ஸ்விட்சின் வேலை அன்று. சில நிலையான தெரிவுகள், தெரிவுக்கேற்பச் செய்ய வேண்டியது வேறுபடும் என்றால் அங்கே ஸ்விட்ச் பொருந்தும். மண்டலத்தின் பெயரையும் பேட்டி எடுத்த நாளையும் கொடுத்தால் மாவட்டத்தைத் தரும் ‘மேப்’ ஒன்றை அமைத்தார். நாள் எதற்கு என்று நெறியாளர் கேட்டார். இந்த மண்ணின் எல்லைகள் ஓரிடத்தில் நின்றவையா என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் வட்டங்களைப் பிரித்துத்தான் சித்தூர் மாவட்டமே அமைந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று அதிலிருந்து திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. சத்தியவேடு இப்பக்கம் வந்தது. நகரியிலிருந்து திருத்தணி சிறிது தொலைவுதான். ஒரே குடும்பத்தின் அக்காளுக்கும் தங்கைக்கும் நடுவே மாநில எல்லை ஓடுகிறது. நெறியாளர் அதற்குமேல் கேட்கவில்லை.

நிரல் சீரானது, சேகரித்த விவரம் சீராகவில்லை. அழுத்திய எண்ணை அப்படியே சேமித்திருந்தால் ஒரே மாலையில் எல்லாவற்றையும் மீட்டிருக்கலாம். அவர் சேமித்தது மாற்றியபின் கிடைத்த பெயரை மட்டும். மூலமதிப்பை வைத்துக்கொண்டு பெயரைத் தேவைப்படும்போது உண்டாக்க வேண்டும் என்பது ஆய்வு முறையியலில் முதலாண்டுப் பாடம், தேர்விலும் எழுதியிருக்கிறார். இனி ஒரே வழி, மறுபடி வீடு வீடாகச் செல்வது. தொலைபேசியில் கேட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஒருமுறை தவறாக எழுதிக்கொண்டு வந்தவர் நேரில்தான் போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா, வடமாலைப்பேட்டை, எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடச் சென்னையிலிருந்தும் மக்கள் வந்திறங்கும் புத்தூர், அப்பால் நகரி என்று பேருந்து சென்றது. தறி ஓசை தெருமுனையிலேயே கேட்டது. மூன்று மாதத்துக்குமுன் காபி கொடுத்த மூதாட்டி அடையாளம் கண்டுகொண்டார்.

“போன தடவையே சொன்னேனே கண்ணு, தமிழுன்னு. எழுதிக்கலையா?”

“எழுதினேன் பாட்டி. தப்பா பதிஞ்சுடுச்சு.”

“என்னன்னு பதிஞ்சுது?”

“தெலுங்குன்னு.”

மூதாட்டி சிரித்தார். “அதுவும் பேசுவேனே. மருமக கிட்ட அதான்.”

இம்முறை கைப்பேசித் திரையில் தமிழ் என்று அழுத்தி, பதிவானதை அவரிடம் படித்தும் காட்டினார். மருமகளின் முறை வந்தபோது எந்தத் தெரிவையும் அவள் ஏற்கவில்லை. பிறந்த வீட்டில் ஒன்று, இங்கே மாமியாருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்றாள். ஆய்வாளர் ‘வேறு’ என்பதை அழுத்தி, அவள் சொன்ன வரிசையிலேயே முழு வாக்கியத்தையும் தட்டச்சு செய்தார். அன்று மாலைக்குள் அத்தகைய வரிகள் பல சேர்ந்திருந்தன. அவற்றைத் தெலுங்கிலோ தமிழிலோ சேர்த்துவிட்டால் அட்டவணை சுருங்கும் என்பது நெறியாளரின் கருத்து. இயல் நான்கின் வரைவில் அவை இன்னமும் தனி வரிசையாகவே நிற்கின்றன.